ஒழித்து வைத்த இடம்

தமிழ்த்துறையின் மலரில் மேனாட்டு ராக் இசைக்குழுவொன்றின் இசைத்தட்டைப் பற்றி எழுதப்புகுவது முறையாகுமா எனப் பெரியோர் வினவுதல் கூடும். எழுதுகோலை எடுக்குமுன் யாமும் எம்மை அவ்வாறே வினவிக்கொண்டோம். சங்கப் பாடல்களையும் இலக்கண நூல்களையும் பயிற்றுவித்து ஊதியம் பெறுகின்ற எமக்கு, மின்கிதாரும் மத்தளக் கூட்டமும் முழங்கும் அவ்விசையோடு என்ன உறவு இருக்க இயலும்? உறவு இருந்தது. அதனை எமக்குக் காட்டியவர் எம் வகுப்பறையில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர். அவர் கேட்ட வினா ஒன்று, ஏறத்தாழ 20 ஆண்டுகளாக யாம் மூடிவைத்திருந்த பெட்டி ஒன்றைத் திறந்துவிட்டது. அதனை எழுதாது விடுவது இனியும் முறையன்று எனத் தோன்றியமையால் இக்கட்டுரை பிறந்தது.

வகுப்பறையில் எழுந்த வினா

இளங்கலை மூன்றாமாண்டு மாணவர்க்குப் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தோம். கழிந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது கையறுநிலை என்றும், தொல்காப்பியர் அதனைக் காஞ்சித்திணையில் வைத்தார் என்றும், புறநானூற்றைத் தொகுத்தோர் பொதுவியல் திணையின் துறையாக அதனைக் குறித்தனர் என்றும் வழக்கம்போல் கூறிவந்தோம். பாரியை இழந்த கபிலரைச் சொல்லி முடித்தபோது அம்மாணவர் எழுந்தார். "ஐயா, கையறுநிலை இறந்தவர்க்கு மட்டுந்தானா? உயிரோடு இருந்தும் நமக்கு இல்லாமற் போனவர்க்குப் பாடக்கூடாதா?" என்றார்.

இலக்கணப்படி கூடாது என்று விடை சொன்னோம். விடை சொன்ன பின்னரும் அவர் அமரவில்லை. "அப்படிப் பாடியவர்கள் இருக்கிறார்கள் ஐயா; ஆனால் தமிழில் இல்லை" என்றார். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து, தம் கைப்பேசியில் இருந்த இசைத்தொகுப்பு ஒன்றைக் காட்டினார். பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கிலேயக் குழு 1975ஆம் ஆண்டு வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' என்பது அதன் பெயர். 'நீ இங்கே இருந்திருக்கலாகாதா' என்று அப்பெயரை நாம் தமிழிற் கூறிக்கொள்ளலாம். அன்றிரவு செவியில் கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு 44 மணித்துளிகள் அதனைக் கேட்டோம். எம் அத்தா தோல் மண்டியில் கணக்கெழுதியவர். எங்கள் வீட்டில் இசை என்றால் நாகூர் ஹனீபா அவர்களின் ஒலிநாடாக்களே. அவ்வகைச் செவியோடு கேட்ட எமக்கு முதல் முறையில் பெரிதாக ஒன்றும் விளங்கவில்லை. அதன் வரலாற்றைத் தேடிப் படித்த பின் கேட்டபோதுதான் நெஞ்சு கனத்தது.

பெயரிட்டவர் வெளியேறிய கதை

அக்குழு 1965இல் இலண்டனில் உருவாயிற்று. அதற்குப் பெயரிட்டவர் சிட் பாரட் என்னும் இளைஞர். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் எனும் அமெரிக்க ப்ளூஸ் இசைக்கலைஞர் இருவரின் பெயர்களிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து அவர் கோத்த பெயர் அது. ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகியோர் உடனிருந்தனர். 1967இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் பாடல்களிற் பெரும்பாலானவற்றை எழுதியவர் பாரட்டே. அப்போது அவருக்கு அகவை 21.

அதே ஆண்டின் இறுதிக்குள் அவர் மனநலம் குலைந்தது. போதைப்பொருள் அதற்கு ஒரு காரணம் என்பர். உள்ளே முன்பே இருந்த நோய் என்பாரும் உளர். மேடையில் நின்றவாறே ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டிருப்பார். சிலபோது மீட்டாமலே நிற்பார். அவருக்குத் துணையாக, அவருடைய கேம்பிரிட்ஜ் நகரத்து நண்பரான டேவிட் கில்மோரைக் குழுவிற் சேர்த்தனர். 1968 சனவரியில் சில நாள்கள் ஐவராக இயங்கிப் பார்த்தனர். அம்மாத இறுதியில் சவுத்தாம்ப்டன் நகரில் நிகழ்ச்சி. வண்டி புறப்பட்டபோது, வழியில் பாரட்டை ஏற்றிக்கொள்வதா என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. ஏற்றாமலே சென்றனர். அவர் குழுவிலிருந்து விலகினார் என்ற முறையான அறிவிப்பு ஏப்பிரலில் வந்தது. உண்மையான விலகல் அந்த வண்டி நில்லாமற் போன நாளில் நிகழ்ந்துவிட்டது.

சினத்தோடு துரத்தவில்லை, கடுஞ்சொல் கூறவில்லை, ஓரிடத்தில் நிற்கவேண்டிய வண்டி நிற்கவில்லை, அவ்வளவே. இவ்வரிகளைப் படித்த இரவு யாம் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உறங்காதிருந்தோம். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

வெற்றிக்குப் பின் வந்த வெறுமை

1973இல் அக்குழு வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உலகெங்கும் விற்றது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் அது இடம்பெற்றிருந்தது என்றால் அதன் வீச்சினை உணரலாம். இளமையில் கனவு கண்ட செல்வமும் புகழும் ஒருங்கே வந்து சேர்ந்தன. அதன் பின் என்ன செய்வது என்பது எவர்க்கும் தெரியவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் வியப்பான முயற்சி ஒன்றில் இறங்கினர். இசைக்கருவிகளையே தொடாமல், வீட்டில் புழங்கும் பொருள்களின் ஓசையைக் கொண்டே ஓர் இசைத்தட்டு செய்வதென்று, ரப்பர் பட்டைகளையும் கண்ணாடிக் குவளைகளையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உழைத்தனர். முயற்சி முற்றுப்பெறவில்லை; கைவிட்டனர். நம் ஜலதரங்கக் கலைஞர் நீர் நிரப்பிய கிண்ணங்களைக் கோலால் தட்டுவதுபோல, இவர்கள் குவளையின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்து எழுப்பிய ஓசை மட்டும் வீண்போகவில்லை. 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பின் தொடக்கத்தில், எங்கோ தொலைவில் பனிமூட்டத்திலிருந்து எழுவதுபோல் கேட்கும் ஒலிக்குள் அக்குவளைகள் இருக்கின்றன. கைவிட்ட வேலையின் ஒரு துண்டு மற்றொரு வேலைக்குத் தோற்றுவாய் ஆயிற்று. ஆய்வு செய்யும் மாணவர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

1974இல் ஒத்திகை அறையொன்றில் கில்மோர் கிதாரில் நான்கே சுரங்களை மீட்டினார். அந்நான்கு சுரங்களின் ஏக்கம் வாட்டர்ஸின் உள்ளத்தைத் தொட்டது. அவர் நினைவுக்கு வந்தவர் பாரட். அவ்வாறு தோன்றியதே 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' என்னும் நெடும்பாடல். பித்துற்ற வைரமே, ஒளிவீசிக்கொண்டே இரு என்பது அத்தலைப்பின் கருத்து. பாடப்பட்டவர் அப்போது உயிரோடு இருந்தார். 30 அகவையும் நிரம்பவில்லை. எம் மாணவர் கேட்ட வினாவிற்கு ஒரு குழு இசையாலேயே விடை சொல்லிவிட்டது.

பூட்டுவிற் பொருள்கோள்

1975 சனவரியில் இலண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பணி தொடங்கிற்று. இடையிடையே அமெரிக்கச் சுற்றுப்பயணம். எனவே சூலை வரை இழுத்தது. கூடத்துக்கு வருவர், உட்கார்ந்திருப்பர், வேலை ஓடாது. உடல்கள் அங்கே இருந்தன, உள்ளங்கள் எங்கோ இருந்தன என்ற நிலையைக் குழுவினரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டுள்ளனர். போதாக்குறைக்கு, அரும்பாடுபட்டுப் பதிந்த அடிப்படைப் பதிவில் எதிரொலி பிழையாய்க் கலந்து நீக்கவியலாமற் போக, அத்தனையும் மீண்டும் முதலிலிருந்து வாசிக்க நேர்ந்தது.

தொகுப்பின் அமைப்பைப் பற்றியும் கருத்து வேறுபாடு எழுந்தது. நெடும்பாடல் ஒரு பக்கம் முழுதும் இருக்கட்டும், மறுபக்கத்தில் ஏற்கெனவே மேடைகளில் வாசித்துவந்த இரு பாடல்கள் அமையட்டும் என்பது கில்மோரின் கருத்து. வாட்டர்ஸ் மறுத்தார். உடன் இல்லாமை என்னும் ஒரே பொருளைச் சுற்றியே தொகுப்பு முழுதும் அமைய வேண்டும். அதற்கேற்பப் புதுப்பாடல்கள் எழுத வேண்டும். நெடும்பாடலை இரண்டாகப் பிளந்து முதலிலும் முடிவிலும் வைக்க வேண்டும் என்றார். பெரும்பான்மை அவர் பக்கம் நின்றது. விலக்கப்பட்ட இரு பாடல்களும் வீணாகவில்லை. உருமாறி 1977ஆம் ஆண்டின் 'அனிமல்ஸ்' தொகுப்பில் இடம்பெற்றன.

செய்யுளின் ஈற்றில் நிற்கும் சொல் முதலில் நிற்கும் சொல்லோடு சென்று பொருள் முடிப்பதைப் பூட்டுவிற் பொருள்கோள் என்று நாம் கற்பிக்கிறோம். வில்லின் இரு முனைகளையும் நாண் பூட்டுவது போன்றது அது. ஒன்பது பகுதிகள் கொண்ட அந்நெடும்பாடலின் முன்பாதி தொகுப்பைத் தொடங்குகிறது, பின்பாதி முடித்துவைக்கிறது. இரண்டுஞ் சேர ஏறத்தாழ 26 மணித்துளிகள். இடையில் மூன்று பாடல்கள் மட்டுமே. இளைஞனை விழுங்கும் வணிகப் பொறியைப் பற்றியது ஒன்று. கலைஞர் யாரென்றே அறியாமல் அவர்களைக் கொண்டாடும் இசை வணிகரைப் பற்றியது மற்றொன்று. தலைப்புப் பாடல் மூன்றாவது. மூன்றும் அந்த நாணுக்குள் அடங்கி நிற்கின்றன. ஒரு கருத்தை நம்பிப் பொருளை வரிசைப்படுத்தும் செயல், செய்யுளாயினும் இசையாயினும் ஒன்றே என உணர்ந்தோம்.

தலைப்புப் பாடலின் தொடக்கம் பழைய வானொலிப்பெட்டியிலிருந்து வருவதுபோல் கரகரக்கிறது. யாரோ நிலையத்தை மாற்றிக்கொண்டே வருகிறார். மெல்லிய கிதார் ஓசையில் நின்றுவிடுகிறார். பின் அவ்வறையிலேயே இருப்பவர்போல் மற்றொரு கிதார் அருகில் எழுந்து அதனோடு சேர்ந்துகொள்கிறது. தொலைவில் இருப்பவனோடு அருகில் இருப்பவன் சேர்ந்து வாசிக்கும் அந்த ஏற்பாட்டிற்குக் கில்மோர் தம் காரிலிருந்த வானொலியின் ஓசையைப் பதிவுசெய்து பயன்படுத்தினார். இலங்கை வானொலியைக் கரகரப்பினூடே கேட்டு வளர்ந்த பெரியோர்க்கு இவ்வுணர்வை விளக்க வேண்டுவதில்லை.

எழுதப்படாத ஒரு பெயர்

இசை வணிகரைப் பற்றிய பாடலை வாட்டர்ஸும் கில்மோரும் பாடவில்லை. அதே கட்டடத்தில் தம் தொகுப்பைப் பதிவுசெய்துகொண்டிருந்த ராய் ஹார்ப்பர் என்பவர் பாடிக்கொடுத்தார். அவர் பெயர் உறையில் உண்டு. புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிரப்பெல்லியும் அக்காலத்தில் அங்கே பக்கத்துக் கூடத்தில் இருந்தார். தலைப்புப் பாடலுக்கு அவரை வாசிக்கச் செய்தனர். கலவை முடிந்தபோது அவ்வாசிப்பு ஏறக்குறையச் செவிக்கெட்டாத அளவிற்கு அடங்கிப்போயிற்று. கேட்காத வாசிப்பிற்குப் பெயர் போடுவது அவரை இழிவுபடுத்துவதாகும் என்று எண்ணிப் பெயரை விட்டுவிட்டனர். 2011இல் வெளிவந்த மறுபதிப்பில்தான் அவருடைய வயலின் உலகத்தார் செவிக்குத் தெளிவாகக் கேட்டது. 36 ஆண்டுகள் அது நாடாவுக்குள் காத்திருந்தது.

இதனையும் படித்த இரவில் யாம் நன்கு உறங்கவில்லை.

அடையாளம் தெரியாத விருந்தினர்

அவ்வாண்டு சூன் மாதத்தில் ஒருநாள், நெடும்பாடலின் கலவை வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலைமயிரும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் கூடத்துக்குள் வந்து நின்றார். கூடத்தைச் சேர்ந்த பணியாளர் எனச் சிலர் கருதினர். நெடுநேரம் ஒருவரும் அவரை அறியவில்லை. பிறகுதான் அவர் பாரட் என்பது தெரிந்தது. அந்நாளைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்லும் செய்திகள் சிறிது மாறுபடினும், அவரை அறிந்துகொள்ள இயலாமற் போனதையும், அறிந்தபின் வாட்டர்ஸ் கண்ணீர் வடித்ததையும் மறுப்பாரில்லை. தம்மைப் பற்றிய பாடல் ஒலிக்கும் அறைக்கு அவர் தாமாகவே வந்து சேர்ந்தார், விடைபெறாமலே போய்விட்டார். அதன்பின் குழுவினருள் பெரும்பாலோர் அவரைக் காணவேயில்லை.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் நேரிற் கண்டிராத பிசிராந்தையார்க்கும் ஓரிடம் ஒழித்து வைக்கச் சொன்னான். பாண்டி நாட்டிலிருக்கும் புலவர் வருவாரோ என உடனிருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தார், அவ்விடத்தில் அமர்ந்தார். ஆபி ரோட்டிலும் ஓரிடம் ஒழித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குரியவரும் வந்தார். ஆனால் வந்தவர் இவர்தாம் என்று அறியும் கண் அங்கிருந்தோர்க்கு இல்லாமற் போயிற்று. பழகாதிருந்தும் அறிந்துகொண்ட நட்பு நம் நூலில் இருக்கிறது. பழகியிருந்தும் அறிந்துகொள்ளாத நட்பு அவர்கள் வரலாற்றில் இருக்கிறது. இரண்டாவது வகையே உலகில் மிகுதி.

கருந்தாளுள் மறைந்த கைகுலுக்கல்

தொகுப்பு 1975 செப்டம்பர் 12ஆம் நாள் பிரிட்டனில் வெளியாயிற்று. அதன் உறையை ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஸ்டார்ம் தார்கர்சன் வடிவமைத்தார். வணிகர் இருவர் கைகுலுக்குகின்றனர். ஒருவர் உடல் தீப்பற்றி எரிகிறது. ராணி ராண்டெல் என்னும் சண்டைக் கலைஞர், தீப்பிடியாத உடையை உள்ளே அணிந்துகொண்டு, உண்மையாகவே தீ வைத்துக்கொண்டு நின்றார். காற்று திசைமாறி வீசியதில் அவர் மீசை பொசுங்கிற்று. வணிகத்தில் ஏமாறியவரைச் சுட்டுக்கொண்டவர் என்று ஆங்கிலத்திலும் கூறுவராம். "அவரை நம்பிக் கையைச் சுட்டுக்கிட்டேன்" என்று எம் அத்தா மண்டிக் கணக்கை மூடிவைத்துச் சொல்லும் சொல், கடல் கடந்து ஓர் உறையில் படமாகியிருப்பதைக் கண்டு முறுவலித்தோம்.

அப்படத்தையும் மறைத்துவிட்டனர் என்பதே வியப்பு. இசைத்தட்டைக் கருநிற நெகிழித்தாளால் முழுதும் சுற்றி, இரு பொறிக்கைகள் குலுக்கிக்கொள்ளும் சிறு ஒட்டுப்படம் ஒன்றை மட்டும் மேலே ஒட்டி விற்றனர். உறையும் உடன் இல்லாமையையே பேசவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மாட்டுச் சந்தையில் தரகர் இருவர் துண்டுக்குள் கைவிட்டு விரல்பிடித்து விலைபேசுவதைக் கண்டிருக்கிறோம். வெளியே தெரிவது துணி. உள்ளே நடப்பது வாழ்வு.

வெளிவந்தபோது திறனாய்வாளர் சிலர் குறைகூறினர். மக்கள் ஏற்றுக்கொண்டனர், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. கில்மோரும் ரைட்டும் தம் குழுவின் தொகுப்புகளுள் தமக்கு மிக விருப்பமானது இதுவே என்று சொல்லியுள்ளனர்.

எம் பெட்டியில் இருந்த அட்டைகள்

இனி எம் கதைக்கு வருவோம். முதுகலையில் எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் இருந்தார். எங்கள் கையெழுத்து இதழுக்குப் பெயரிட்டவர் அவர். தலையங்கமும் பாதிக் கவிதைகளும் அவர் எழுதியவையே. யாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் புறநானூற்றுக் கையறுநிலையை எடுத்துக்கொண்டபோது, "நீ எழுது, சொல்லடைவு நான் செய்து தருகிறேன்" என்று விடுதி அறையில் இரவெல்லாம் விழித்திருந்து அட்டை அட்டையாய்க் குறித்துத் தந்தார். அவ்வட்டைகள் இல்லையேல் எம் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இல்லை.

அவ்வாண்டின் நடுவில் அவர் உறக்கம் கெட்டது. தனக்குள் பேசத் தொடங்கினார்; பின் எங்களை ஐயுறத் தொடங்கினார். 2003இல் அவர் தந்தையார் வந்து ஊருக்கு அழைத்துச் சென்றார். வாரந்தோறும் வருகிறோம் என்று பேருந்தின் சன்னலருகே நின்று சொன்னோம். போகவில்லை.

ஆய்வேடு முடிந்தது. நன்றியுரையில் நெறியாளர், நூலகர், தட்டச்சர் எனப் பதினான்கு பேரைக் குறித்தோம். நண்பர் பெயர் இல்லை. மறதி என்று எம்மை யாமே பலகாலம் நம்பவைத்தோம். உண்மை அதுவன்று. மனநோயாளி ஒருவர் தொகுத்த அடைவா எனத் தேர்வாளர் எண்ணிவிடுவரோ என்ற அச்சத்தால் பெயரை விட்டோம். கிரப்பெல்லியின் பெயரை விட்டவர்கள் அவரை மதித்து விட்டார்கள். யாம் எம்மைக் காத்துக்கொள்ள விட்டோம்.

அவர் ஊர் எம் ஊருக்குச் செல்லும் வழியிலேயே இருக்கிறது. மாதம் இருமுறை அத்தாவைக் காண அவ்வழியே செல்வோம். நடத்துநர் அவ்வூரின் பெயரைக் கூவும்போது நாளிதழை விரித்துக்கொள்வோம். சவுத்தாம்ப்டன் சென்ற வண்டி ஒருநாள்தான் நிற்காமற் போயிற்று. எம் பேருந்து நின்றுகொண்டுதான் இருந்தது. யாம் இறங்கவில்லை, ஏறத்தாழ 20 ஆண்டுகள்.

அத்தொகுப்பைக் கேட்ட அடுத்த வாரம் இறங்கினோம். தம்பி நடத்தும் எழுதுபொருள் கடையின் பின்கட்டில் அமர்ந்து அவர் நோட்டுப் புத்தகங்களுக்குத் தைப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்கி உண்டு அமைதியாக வாழ்கிறார். தலை நரைத்திருந்தது. எம்மை அடையாளம் தெரியாது என்று அஞ்சி, பெயரைச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள், "வா. வழி தெரிய இத்தனை நாளா?" என்றார். அவர் தாயார் தேநீர் தந்து, "அடிக்கடி வாங்க தம்பி" என்றார். யாம் மன்னிப்புக் கேட்கச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நண்பர் தைப்பூசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அட்டைகளைத் திருப்பித் தரவில்லையே? 412 இருக்க வேண்டும்."

மறுவாரம் பழைய பிஸ்கட் டப்பாவோடு சென்றோம். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். 409 இருந்தன. "மூன்று குறைகிறது" என்றார். சினம் இல்லை. கணக்கு அவ்வளவுதான் என்பதுபோல் சொன்னார்.

விடுபட்ட பக்கம்

பாட்டு எழுதினால் கடன் தீர்ந்துவிடுமா என்பதே எம்மை இன்றும் அலைக்கும் வினா. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் பாரட்டைப் பாடினர். அப்பாடலாற் பொருளும் புகழும் பெற்றனர். குறைகூற எமக்குத் தகுதியில்லை. 1970இல் பாரட் தனியே வெளியிட்ட இரு தொகுப்புகளையும் முடிக்கக் கில்மோர் துணைநின்றார். பாரட்டுக்குரிய உரிமத்தொகை அவரைச் சென்றடைவதிலும் அவர் கருத்தாயிருந்தார் என்பர். 2005 சூலை 2ஆம் நாள் இலண்டன் ஹைடு பூங்காவில், நெடுநாள் பிணங்கியிருந்த நால்வரும் ஒரே மேடையில் நின்று அத்தலைப்புப் பாடலை இசைத்தபோது, வாட்டர்ஸ் அதனைப் பாரட்டுக்கு உரிமையாக்கினார். பாரட் கேம்பிரிட்ஜில் தோட்ட வேலையும் ஓவியமுமாய்த் தனித்து வாழ்ந்து, 2006 சூலை 7ஆம் நாள் தம் 60ஆம் அகவையில் மறைந்தார். அப்பாடல் அவருக்கு என்ன செய்தது என்பதை அவர் மட்டுமே சொல்லியிருக்க இயலும். எம்மைப் போன்ற ஒருவரைப் பேருந்திலிருந்து இறங்கச் செய்தது என்பதை மட்டும் யாம் சொல்வோம்.

பாட்டு ஓரிடத்தை ஒழித்து வைக்கும். அவ்விடத்திற்கு உரியவரைப் போய்க் காண்பது பாட்டின் வேலையன்று. அது நம் கால்களின் வேலை.

எம் ஆய்வேட்டின் படி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. நன்றியுரையில் ஒரு தாள் சேர்க்க இசைவு கேட்டோம். ஒப்படைத்த ஆய்வேட்டில் எதுவும் சேர்க்க விதியில்லை என்றனர், அதுவும் சரியே. எனவே அத்தாளை இம்மலரிற் சேர்க்கிறோம். எம் ஆய்வேட்டின் சொல்லடைவு எம்முடையதன்று, எம் நண்பருடையது. அவர் பெயரை இங்கு எழுத விரும்பிக் கேட்டபோது, "பெயர் வேண்டாம்; எண்ணிக்கையை மட்டும் சரியாகப் போடு" என்றார். போட்டுவிட்டோம்: 412.

மாணவச் செல்வங்களே! நாளை நீவிரும் ஆய்வேடு எழுதுவீர், நன்றியுரை எழுதுவீர். பதினான்கு பெயர்களை எழுதி முடித்தபின், எழுதத் தயங்கிய பெயர் ஒன்று உண்டா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அது இருந்தால் முதலில் எழுதுங்கள். பிறகு அவர் ஊர்ப் பேருந்தில் ஏறுங்கள்.

எம் வகுப்பில் எழுந்து நின்ற மாணவருக்கு யாம் அன்று சொன்ன விடையையும் இங்குத் திருத்திக்கொள்கிறோம். உயிரோடிருப்பவர்க்கும் கையறுநிலை பாடலாம். ஆனால் பாடியபின் போய்ப் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு அவர் இருக்கிறார் அல்லவா?